படங்களுக்கு யார் எண்ணிடுவது?

கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதி ஒன்று கைக்கு வந்தால் நாம் கட்டுரைகளைப் பற்றிப் பேசுவோம், அச்சுப் பிழைகளைப் பற்றிப் பேசுவோம், தாளையும் அட்டையையும் பற்றிக்கூடப் பேசுவோம். படத்துக்குக் கீழே நிற்கும் எண்ணைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ‘படம் 14 காண்க’ என்று கட்டுரை சொல்லும். பதினான்காம் படமாக அச்சாகியிருப்பதோ வேறு ஊரின் வேறு கல்லாக இருக்கும். வாசகர் முன்னும் பின்னும் நான்கு பக்கங்களைப் புரட்டுவார். கட்டுரையாசிரியர் கருதியது எதுவாக இருக்கும் என்று தாமே ஊகித்துக்கொண்டு மேலே படிப்பார். இவ்வாறு ஊகித்துப் படிக்க நாம் பழகிவிட்டோம் என்பதுதான் என் கவலை.

பல பொருள்களைப் பற்றிய பல கட்டுரைகள் அடங்கிய ஒரு நூலில், படங்களுக்குரிய தொடர் எண்ணைக் கணினியே இட வேண்டும். நூல் அச்சுக்குப் போகும் நாளில் அந்த எண்ணை மனிதர் நிலைப்படுத்த வேண்டும். இவ்வளவுதான் நான் சொல்ல வருவது. இவற்றுள் முதலாவதைக் கணினி அறிந்தவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். இரண்டாவதைச் சொல்லும் பொறுப்பு பழைய நூல்களோடு பழகியவர்களுக்கு உண்டு என்று கருதுகிறேன்.

இது அச்சகத்தாரின் சிறு சிக்கல்தானே, இலக்கிய வாசகருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அப்படியிருந்தது. தமிழ்த்துறை ஆய்வேடுகளில் அப்போது படங்களே இரா. இன்று நிலைமை வேறு. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. கீழடி அகழாய்வு குறித்துத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட நூல் பானையோட்டுக் கீறல்களைப் பொதுப்பேச்சுக்குக் கொண்டுவந்தது. சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்யும் மாணவரும் இன்று நடுகல்லையும் பானையோட்டையும் படமாக வைக்கிறார். அந்தப் படம் அழகுக்காக வைத்ததன்று. அவருடைய வாதத்தின் சான்று.

பானையோடுகள் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பவை. இரண்டு ஓடுகளின் எண்கள் இடம் மாறிவிட்டால், அகழ்ந்தெடுத்தவரைத் தவிர வேறு எவராலும் அதைக் கண்டுபிடிக்க இயலாது. செய்யுளில் ஒரு சொல் பிழையாக அச்சானால் தளை தட்டும்; எதுகை காட்டிக்கொடுக்கும்; பொருள் முரண்படும். எண்பிழையைக் காட்டிக்கொடுக்க யாப்பும் இல்லை, உரையாசிரியரும் இல்லை. தவறான எண்ணும் சரியான எண்ணைப் போலவே கம்பீரமாக நிற்கும்.

*

இப்பிழை எவ்வாறு நேர்கிறது என்பதைப் பார்ப்போம். இருபது பேர் இருபது கோப்புகளை அனுப்புகிறார்கள். ஒவ்வொருவரும் தம் கட்டுரையில் ‘படம் 1’ என்று தொடங்கியிருப்பார்கள். கட்டுரைக்கு நான்கு படங்கள் என்று கொண்டால் மொத்தம் எண்பது. பதிப்பாசிரியர் கட்டுரைகளைப் பொருள்வாரியாக அடுக்கி, படங்களுக்கு 1 முதல் 80 வரை எண்ணிட்டு முடிக்கிறார். அப்போது மூன்றாம் கட்டுரையின் ஆசிரியர் கடைசியில் இன்னொரு படம் சேர்க்க வேண்டுமென்கிறார். அதற்குப் பின்னுள்ள பதினேழு கட்டுரைகளின் 68 படங்களுக்கும் எண் மாற வேண்டும். ஒவ்வொரு படத்தையும் கட்டுரை இரண்டு இடங்களில் சுட்டுவதாக வைத்துக்கொண்டால் மேலும் 136 இடங்கள். ஒரு படம் சேர்ந்ததற்கு 204 திருத்தங்கள்! மறுநாள், அனுமதி கிடைக்கவில்லை என்று ஒன்பதாம் கட்டுரையின் படம் ஒன்று நீக்கப்படும். கணக்கு மறுபடியும் தொடங்கும்.

இந்தத் திருத்தங்களை நம் ஊர்த் தட்டச்சு நிலையத்தில் ஓர் இளம்பெண் இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து கையால் செய்கிறார். படத்தின் கீழுள்ள எண்ணை அவர் தவறாமல் மாற்றிவிடுவார்; அது கண்ணில் படுவது. பத்தியின் நடுவே ‘முற்கூறிய 22ஆம் படத்தில்’ என்று மறைந்து கிடப்பது கண்ணில் படாது. பழி அவர்மீது விழுகிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று திருத்தக் கூலி கொடுப்பவர் ஆய்வு மாணவர். உண்மையில் இருவருமே செய்திருக்க வேண்டாத வேலை அது.

ஏனெனில் கணினிக்கு எண்ணத் தெரியும். நாம் அன்றாடம் பயன்படுத்தும் வேர்டு செயலியிலேயே படத் தலைப்பு இடுவதற்குத் தனிக் கட்டளை உண்டு. அதன்வழி இட்ட எண், தட்டச்சுச் செய்த இலக்கமன்று. ‘இதுவரை வந்த படங்களை எண்ணி அடுத்த எண்ணை இங்கே இடு’ என்னும் ஆணை. கட்டுரையின் உள்ளே படத்தைச் சுட்டுமிடத்திலும் எண்ணைத் தட்டச்சுச் செய்யாமல், குறுக்குச் சுட்டு என்ற கட்டளையால் அந்தப் படத்தோடு முடிச்சுப் போட்டுவிடலாம். படம் இடம் மாறினால், முழுக் கோப்பையும் தேர்ந்து எஃப்9 விசையை ஒருமுறை அழுத்த, எல்லா எண்களும் தாமே திருந்தும். மேலே சொன்ன 204 திருத்தங்களுக்கு அந்த ஒரு விசை போதும். படங்களின் பட்டியலையும் அதே செயலி தொகுத்துத் தரும்.

கணித நூலார் விரும்பும் லாடெக் என்னும் அச்சுக்கோப்பு முறை இதில் இன்னும் தெளிவானது. அதில் ஆசிரியர் படத்துக்கு எண்ணே இடுவதில்லை, பெயர் வைக்கிறார். ‘புலிமான்கோம்பை-முதற்கல்’ என்பதுபோல ஒரு பெயர். சுட்டுமிடத்திலும் அப்பெயரையே எழுதுகிறார். கணினி முதன்முறை நூலை ஓட்டும்போது எந்தப் பெயருக்கு எந்த எண் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் முறை ஓட்டும்போது உரிய இடங்களில் எண்ணை நிரப்பும். பெயருக்கு உரிய படம் கிடைக்காவிட்டால் அவ்விடத்தில் இரண்டு கேள்விக்குறிகளை வைத்துவிடும். தவறான எண்ணை அச்சிடுவதைவிடத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது மேல் என்னும் நாணயம் அதில் இருக்கிறது.

பெரிய இயந்திரங்களுக்கும் மென்பொருள்களுக்கும் கையேடு எழுதுவோர் இதற்கும் ஒருபடி மேலே போனார்கள். 2005இல் ஓர் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்ட ‘டிட்டா’ என்னும் முறையில், நூல் என்ற ஒன்றை எவரும் நேரடியாக எழுதுவதில்லை. ஒவ்வொரு பொருளும் ஒரு தனித் துண்டு. அத்துண்டுகளை எந்த வரிசையில் கோப்பது என்பதை வேறொரு வரைவு சொல்லும். ஒரே துண்டு மூன்று கையேடுகளில் இடம்பெறலாம். ஒன்றில் அதன் படம் ஐந்தாவதாக இருக்கும். மற்றொன்றில் நாற்பதாவதாக இருக்கும். எழுதுகிறவருக்கு அந்த எண் தெரிய வழியே இல்லை. அங்கே எண்ணிடுவது நூலைக் கோக்கும் கணினியின் வேலையாக இருந்தே தீர வேண்டும். நம்முடைய தொகுதி நூலும் அடிப்படையில் இத்தகையதே. கட்டுரை எழுதுகிறவருக்கு அது நூலில் எத்தனையாவது என்று தெரியாது. தெரியாத ஒருவர் எண்ணிடுவது எப்படிப் பொருந்தும்?

*

தமிழுக்கு இதெல்லாம் சரிவருமா என்று சிலர் ஐயுறுகிறார்கள். சரிவரும் என்பது மட்டுமில்லை, ஒரு வகையில் தமிழ் இதற்கு மிக இணக்கமான மொழி. ஆங்கிலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றின் வரிசைப் பெயர்களுக்கு வெவ்வேறு விகுதிகள். எண் மாறினால் ஒட்டும் மாற வேண்டும். தமிழில் 1ஆம், 2ஆம், 73ஆம் என எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஆம்’. வேற்றுமை உருபும் அப்படியே: படம் 5இல், படம் 50இல். இலக்கம் மாறினாலும் உருபு மாறுவதில்லை. வேர்டு செயலி படத்தைச் சுட்டும்போது பெயரையும் எண்ணையும் சேர்த்தே தருமாகையால், ‘5ஆம் படத்தில்’ என்பதைவிடப் ‘படம் 5இல்’ என்று எழுதும் பழக்கம் வசதியானது. நடை சற்று விறைப்பாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறிப்புரையில் அது பெரிய இழப்பில்லை.

தடை வேறோர் இடத்தில் இருக்கிறது. நமக்குச் சொல்வளம் மிகுதி. ஒருவர் ‘படம்’ என்பார். ஒருவர் ‘ஒளிப்படம்’ என்பார். மூன்றாமவருக்கு ‘நிழற்படம்’, நான்காமவருக்கு ‘உருவம்’. கணினி இந்த நான்கையும் நான்கு தனித் தொடர்களாகவே கொள்ளும். ஒவ்வொன்றும் 1இலிருந்து தொடங்கும். இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. பழைய எழுத்துருக் குறியீட்டில் அடித்த ‘படம்’ என்ற சொல்லும் ஒருங்குறியில் அடித்த ‘படம்’ என்ற சொல்லும் தாளில் ஒன்றாகவே தோன்றும். கணினிக்கோ அவை இரு வேறு எழுத்துத் தொடர்கள். எனவே ஒரு தொகுதிக்கு ஒரே சொல், ஒரே எழுத்துமுறை என்று கட்டுரை கேட்கும்போதே அறிவித்துவிடுவது நன்று. ஒருபொருட் பன்மொழி கவிதைக்கு அணி. படத் தலைப்புக்குப் பகை.

‘மேலே உள்ள படம்’, ‘எதிர்ப்பக்கப் படம்’ என்று எழுதும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பக்க அமைப்பு மாறும்போது மேலே இருந்தது அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அந்தச் சொற்களைத் திருத்த எந்த விசையும் கிடையாது.

*

தொடர் எண் எதற்கு, கட்டுரைவாரியாக எண்ணிட்டால் திருத்தம் அந்தக் கட்டுரையோடு நின்றுவிடுமே என்று ஒரு மாற்றுக் கருத்து உண்டு. மூன்றாம் கட்டுரையின் இரண்டாம் படம் 3.2 என்றாகும். லாடெக் முறையின் நூல் வடிவமும் இயல்பாக இப்படித்தான் எண்ணிடுகிறது. இக்கருத்தில் நியாயமுண்டு. நம் கல்வெட்டியலாரும் இத்தகைய வழியையே கையாண்டார்கள். இந்தியக் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் எண் புதிதாகத் தொடங்கும். ஆண்டையும் எண்ணையும் சேர்த்துச் சொன்னால்தான் கல்வெட்டு கிடைக்கும்.

ஆனால் ஆண்டு மாறாதது. தொகுதியில் கட்டுரையின் இடம் மாறக்கூடியது. மூன்றாம் கட்டுரை ஐந்தாவதானால் 3.2 என்பது 5.2 ஆகிவிடும். நடைமுறையில் நாம் செய்வதோ இதனினும் மோசம். முன்னெண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு கட்டுரையிலும் ‘படம் 1’ என்றே தொடங்குகிறோம். ஒரே நூலில் இருபது ‘படம் 1’. பின்னாளில் ஒருவர் ‘மேற்படி நூல், படம் 1’ என்று அடிக்குறிப்பு எழுதினால் அதைத் தேடுகிறவர் கதி என்ன?

திருக்குறளைப் பாருங்கள். 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்து என்ற பகுப்பும் உண்டு. 1 முதல் 1330 வரை தொடர் எண்ணும் உண்டு. 391 என்றால் நாற்பதாம் அதிகாரத்தின் முதற்குறள் என்று விரல்விட்டுச் சொல்லிவிடலாம். பத்து என்பது மாறாததால் இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று துணை. கட்டுரைக்கு இத்தனை படம் என்று வரையறை இல்லாத தொகுதி நூலில் அந்த வசதி இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர வேண்டுமானால் நான் தொடர் எண்ணையே தேர்வேன். ஒரு நூலில் ஓர் எண்ணுக்கு ஒரு படம். வாசகர் எந்தக் கட்டுரையில் இருக்கிறார் என்று யோசிக்க வேண்டியதில்லை. முப்பத்தேழைத் தேடினால் முப்பத்தாறுக்கும் முப்பத்தெட்டுக்கும் இடையே இருக்கும். கட்டுரையைத் தனியே பிரித்து ஒருவர் பகிர்ந்தாலும், ‘படம் 37’ என்று அது தொடங்குவதைக் கண்டு, இது ஒரு பெரிய நூலின் பகுதி என்பதை வாசகர் அறிவார். பல கோப்புகளாகப் பிரிந்து கிடக்கும் நூலிலும் இது இயலும். பதிப்பகத்தார் பலர் பயன்படுத்தும் இன்டிசைன் செயலியில் கோப்புகளை ஒரு நூலாகக் கோத்து, முந்தைய கோப்பின் எண்ணைத் தொடருமாறு ஆணையிட வழியிருக்கிறது.

*

இதுவரை கணினியின் பக்கம் நின்று பேசினேன். இனி அதன் குறையைச் சொல்ல வேண்டும்.

தானே ஓடும் எண்ணுக்கு நினைவு கிடையாது. ஒரு படத்தை நீக்கினால் அடுத்தது சத்தமில்லாமல் அதன் இடத்துக்கு வந்துவிடும். அங்கே ஒன்று இருந்தது என்பதற்கு அடையாளமே எஞ்சாது. நூல் உருவாகும் காலத்தில் இது வசதி. நூல் வெளிவந்த பின் இதுவே அழிவு.

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலில் 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. 266க்குப் பின் 269 வருகிறது. கிடைத்த பாடல்களை மட்டும் வரிசையாக எண்ணியிருந்தால் நூல் 398ஓடு முடிந்திருக்கும். நானூறு என்ற பெயருக்கும் பாடல் தொகைக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்வந்தோர் எங்கே தேடுவது என்று தெரியாமல் திகைத்திருப்பார்கள். ஐங்குறுநூற்றில் 129, 130, நற்றிணையில் 234. இவ்வெண்கள் வெற்றிடங்களாக நிற்கின்றன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. எனினும் இருப்பவற்றுள் முதலாவதை நாம் இரண்டாம் பத்து என்றே அழைக்கிறோம். அந்த எண்கள் இருப்பதை மட்டும் எண்ணவில்லை. இழந்ததற்கும் இடம் வைத்திருக்கின்றன. எஃப்9 விசைக்கு இந்த மரியாதை தெரியாது.

வரிசை மாறினால் என்னாகும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. இன்று நாம் சொல்லும் குறள் எண் பரிமேலழகர் கொண்ட வரிசைக்குரியது. மணக்குடவர் கொண்ட குறள் வைப்பு பல இடங்களில் வேறுபடும். அவ்வரிசைப்படி அச்சிட்ட பதிப்பில் வழக்கமான எண்ணைக் கொண்டு தேடினால் வேறொரு குறள் கையில் வரலாம். எண் அங்கே இடத்தைக் குறிக்கிறதே ஒழிய, குறளைக் குறிக்கவில்லை.

இடத்தைக் குறித்த எண்ணும் நிலைபெற்றுவிட்டால் பெயராகிவிடும். 1578இல் ஸ்தெபானுஸ் வெளியிட்ட பிளேட்டோ பதிப்பின் பக்க எண்களை இன்றைய பதிப்புகளும் ஓரத்தில் அச்சிடுகின்றன. அந்தப் பக்கங்களை நம்மில் எவரும் கண்டதில்லை. எண்கள் மட்டும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மாறாமல் இருக்கின்றன. மொகஞ்சதாரோவில் கிடைத்த, ‘பசுபதி’ என்று பலர் அழைக்கும் முத்திரைக்கு மெக்கேயின் அகழாய்வு அறிக்கை இட்ட எண் 420. பிற்காலத் தொகுப்பு அதற்கு எம்-304 என்று எண்ணிட்டது. முத்திரை என்ன சொல்கிறது என்பதில் அறிஞர்கள் உடன்படுவதில்லை; எந்த முத்திரையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆய்வுலகில் பாதி நேர்மை இந்த ஐயமின்மைதான்.

*

ஆகவே செய்ய வேண்டியவை சில. கட்டுரையாசிரியர் தம் படங்களுக்குப் பெயர் வைக்கட்டும்: ஊர், பொருள், எடுத்த ஆண்டு. அப்பெயர் கோப்பின் பெயராகவும் இருக்கட்டும். எண்ணைத் தட்டச்சுச் செய்யாதிருக்கட்டும். பதிப்பாசிரியர் எல்லாக் கட்டுரைகளையும் கோத்த பிறகு கணினி எண்ணிடட்டும். அச்சுக்கு அனுப்புமுன் எண்களை ஒருமுறை புதுப்பித்து, ஒவ்வொரு சுட்டையும் படத்தோடு ஒருவர் கண்ணால் ஒத்துப்பார்க்கட்டும். படத்தை நீக்கியவர் சுட்டை மறந்துவிட்டால், மூலம் கிடைக்கவில்லை என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியத்தை வேர்டு செயலி தடித்த எழுத்தில் நம் தமிழ்ப் பத்தியின் நடுவே வைத்துவிடும். அது அப்படியே அச்சாகித் துணைவேந்தர் கையால் வெளியிடப்படக் கூடாதல்லவா!

அதன்பின் எண்களை நிலைப்படுத்த வேண்டும். வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், எஃப்9 ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால், தேர்ந்த பகுதியில் ஓடும் எண்கள் வெறும் இலக்கங்களாக நின்றுவிடும். அச்சுக்குரிய படியில் இதைச் செய்துகொண்டு, மூலக்கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் பதிப்பில் புதுப்படம் சேர்ந்தால் அதை ‘14அ’ என்று நுழைக்க வேண்டும், அல்லது கடைசி எண்ணுக்குப் பின் வைக்க வேண்டும். நீக்கிய படத்தின் எண்ணை மற்றொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. ‘படம் 22 இப்பதிப்பில் இல்லை’ என்று ஒரு வரி போதும். அச்சு நூலைவிட மின்னூலுக்கு இது இன்றியமையாதது. அச்சு நூல் மாறினால் இரண்டு படிகள் இருக்கும், ஒப்பிடலாம். மின்னூல் தன் பழைய வடிவத்தின் மேலேயே எழுதிக்கொள்கிறது.

தமிழ்த்துறைகளில் ஆய்வு நெறிமுறை என்று ஒரு தாள் வைத்திருக்கிறோம். அடிக்குறிப்பு எப்படி எழுதுவது, துணைநூற்பட்டியலை எப்படி அடுக்குவது என்று கற்பிக்கிறோம். படத்துக்கு எண்ணிடுவதையும் அந்தத் தாளில் ஒரு பாடமாகச் சேர்க்கலாம். ஒரு வகுப்பு போதும். நம் காலத்துப் பானையோட்டுப் படங்களையும் நடுகற்படங்களையும் நூறாண்டு கழித்து ஒருவர் தேடுவார். ஓடு உடைந்திருக்கலாம், கல் காணாமற் போயிருக்கலாம். படமும் அதன்கீழ் ஓர் எண்ணும் மட்டுமே அவருக்குக் கிடைக்கும். அந்த எண் சரியாக இருக்க வேண்டும்.